ஆறு வருடம் கழித்து வீடு திரும்பும் மகன், ஆனால் நடிகர் வேறு: எப்படிக் கொண்டுவருவது?

நெய்தல் (கேள்வி):

எல்லோருக்கும் வணக்கம். யூடியூப் தொடர் ஒன்றின் இரண்டாம் பாகத்துக்குத் திரைக்கதை வேலை நடக்கிறது. வாரம் 5 எபிசோட், ஒவ்வொன்றும் 20 நிமிடம். முதல் பாகம் முடியும்போது மூத்த மகன் கதிர் சொத்துச் சண்டையில் அப்பாவை எதிர்த்துப் பேசிவிட்டு, மனைவியையும் நான்கு வயது மகளையும் விட்டுவிட்டு வெளியேறுகிறான். இரண்டாம் பாகத்தில் ஆறு வருடம் கழித்து அவன் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். கதையே அதில்தான் நிற்கிறது. பழைய நடிகரின் கால்ஷீட் கிடைக்கவில்லை, புது நடிகர் முடிவாகிவிட்டார்.

குழுவில் மூன்று யோசனைகள் ஓடுகின்றன. ஒன்று, ‘இவருக்குப் பதில் இவர்’ என்று கார்டு போட்டுவிட்டு நேரே கதைக்குப் போவது. இரண்டு, விபத்து, முக அறுவைச் சிகிச்சை என்று கதைக்குள்ளேயே காரணம் சொல்வது. மூன்று, வந்தவன் கதிரே இல்லை, அவனுடைய இரட்டைச் சகோதரன் என்று பின்னால் ஒரு திருப்பம் வைப்பது. வெளிநாட்டுத் தொடர்களில் இதையெல்லாம் செய்து பார்த்திருக்கிறார்கள் என்று தெரியும். எது நின்றது, எது பிசகியது, முதல் வாரக் காட்சிகளை எப்படி அடுக்குவது என்று விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

படித்துறை:

முதல் வழிதான். ஆனால் கார்டை மட்டும் நம்பி அல்ல.

அறுவைச் சிகிச்சையின் சிக்கல் என்னவென்றால், அது கதைக்குள் எழுதிவைத்த கடன். அமெரிக்காவின் டைனஸ்டி தொடரில் ஸ்டீவன் கேரிங்டனாக ஆல் கோர்லி நடித்தார். அவர் விலகியதும் எண்ணெய்க் கிணற்று மேடை வெடித்தது, முகத்தில் அறுவைச் சிகிச்சை நடந்தது என்று காட்டி, ஜாக் கோல்மனைக் கொண்டுவந்தார்கள். அந்த நேரத்துக்கு வேலை முடிந்தது. 1991 இல் மறுசந்திப்புக் குறுந்தொடர் எடுத்தபோது ஸ்டீவனாகத் திரும்ப வந்தது கோர்லி. முகம் மாறியதற்கு அவ்வளவு பெரிய காரணம் சொன்ன கதையில், பழைய முகம் திரும்பியதற்குச் சொல்ல ஒன்றும் இல்லை. காரணமே சொல்லாமல் விட்டிருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

இன்னொரு அமெரிக்கத் தொடரான டல்லாஸைப் பாருங்கள். அம்மா பாத்திரமான மிஸ் எல்லியாக பார்பரா பெல் கெடஸ் இருந்தார். 1984 இல் டோனா ரீட் வந்தார், ஒரு சீசன் நடித்தார். 1985 இல் பெல் கெடஸே திரும்பினார். போனதற்கும் விளக்கம் இல்லை, வந்ததற்கும் இல்லை. கதை ஓடியது.

நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் கியூங்கி சாஸ் பி கபி பஹூ தி என்ற இந்தித் தொடர். 2000 இல் ஸ்டார் பிளஸில் தொடங்கியபோது கதாநாயகன் மிஹிர் விரானியாக நடித்தவர் அமர் உபாத்யாய். 2002 இல் அவர் விலக, கொஞ்ச நாள் இந்தர் குமார், அதன்பின் 2008 வரை ரோனித் ராய். கணக்குப் போட்டால் ரோனித் ராய்தான் அந்தப் பாத்திரத்தில் அதிக நாள் இருந்தவர். ஆனாலும் 2025 ஜூலையில் தொடரை மறுபடி தொடங்கியபோது, ஸ்மிருதி இரானியின் துளசிக்கு ஜோடியாக நின்றது அமர் உபாத்யாய்தான். முதல் முகம் மனதில் அப்படிப் பதிகிறது. அதனால் நீங்கள் எதைச் செய்தாலும், என்றைக்காவது பழைய நடிகர் திரும்ப வர ஒரு வழி திறந்திருக்கட்டும். கார்டு அந்த வழியை அடைப்பதில்லை. அறுவைச் சிகிச்சை அடைத்துவிடும்.

இனி முதல் வாரம். நம் தொடர்களில் திரும்பி வருபவனை எப்படிக் காட்டுவோம்? முதலில் செருப்பு, அப்புறம் கை, அப்புறம் முதுகு, வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரின் அதிர்ச்சி முகத்துக்கும் ஒரு குளோசப், கடைசியில் அவன் முகத்தில் ஃப்ரீஸ், தொடரும். வேறு நடிகர் என்றால் இதை ஒருபோதும் செய்யாதீர்கள். முகத்தையே புதிராக்கினால் அந்த இரண்டு நிமிடமும் பார்ப்பவர் பழைய முகத்தைத்தான் மனதில் வரைந்துகொண்டிருப்பார். திரை விலகியதும் வேறு ஆள் நின்றால் முதல் உணர்ச்சி ஏமாற்றம். அம்மா அழும் அழுகை அங்கே எடுபடாது.

முகத்தை முன்கூட்டியே காட்டிவிடுங்கள். குடும்பத்தார் யாரும் பார்ப்பதற்கு முன்பே, ஒரு எபிசோட் முன்னால், கதிர் பேருந்தில் வருகிறான். நடத்துனரிடம் ஊர்ப் பெயரைச் சொல்லிச் சீட்டு வாங்குகிறான், கைப்பையில் மகளின் பழைய கவுன். ஒன்றரை நிமிடம் போதும். கார்டையும் இந்தக் காட்சியிலேயே போடுங்கள், நடந்து வரும் அகலமான ஷாட்டில், ஐந்தாறு விநாடி. அழுகை குளோசப்பின் கீழே அந்த வரி ஓடினால் காட்சி செத்துவிடும். அடுத்த நாள் அவன் வாசலில் நிற்கும்போது புதிராக இருக்க வேண்டியது ஒன்றுதான்: அப்பா கதவைத் திறப்பாரா மாட்டாரா.

வாசலில் முதலில் அவனைப் பார்ப்பது யார் என்பதும் முக்கியம். முதல் பாகத்திலிருந்து தொடரும், மக்களுக்கு மிகவும் பிடித்த பழைய நடிகர் ஒருவரைக் கொடுங்கள். அவர் கதிரைப் பெயர் சொல்லி, அதுவும் வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயரைச் சொல்லி, முதல் பத்து விநாடிக்குள் கூப்பிட வேண்டும். அந்த நடிகர் நம்பினால் பார்ப்பவரும் நம்புவார்.

ஒலிக்கூடம்:

படித்துறை சொன்னதோடு குரலைப் பற்றி. முகத்தைவிடக் காது முந்தும்.

முதல் பாகத்தில் கதிருக்கு டப்பிங் கலைஞர் குரல் கொடுத்தாரா, நடிகரே பேசினாரா? முதலாவது என்றால் உங்கள் வேலை பாதி முடிந்தது. அதே டப்பிங் கலைஞரைப் பிடியுங்கள். புது நடிகர் திரையில் வருவதற்கு மூன்று நான்கு எபிசோட் முன்பே அந்தக் குரலை ஃபோனில் கேட்க வையுங்கள். மனைவி எடுக்கிறாள், அந்தப் பக்கம் ஒரே வார்த்தை, வைத்துவிடுகிறான். அந்தக் குரலோடு முகம் வந்து சேரும்போது ஒட்டிக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை. பழைய நடிகரின் வாய் அசைவுக்கும் வேகத்துக்கும் பழகிய டப்பிங் கலைஞர், புது நடிகரின் மேலும் அதே வேகத்தை ஏற்றுவார். உதடு ஒட்டாது. படப்பிடிப்புக்கு முன் இரண்டு பக்க வசனம் எடுத்து, ஒரு கோபக் காட்சி, ஒரு அமைதியான காட்சி என்று டெஸ்ட் டப்பிங் செய்து பாருங்கள். ஒட்டவில்லையென்றால் வசனத்தைச் சுருக்குங்கள். குரலை மாற்றாதீர்கள்.

நடிகரே பேசியிருந்தால் கதை வேறு. மிமிக்ரி செய்யக்கூடியவரைத் தேடிப் போகாதீர்கள். பழைய குரலின் சாயல் மட்டும் இருந்தால் ஒவ்வொரு வரியும் ஒப்பீடாகிவிடும். எதிர்நீச்சல் தொடரில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் இறந்தபோது, அந்த இடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். மாரிமுத்துவின் அந்த “ஏய், இந்தாம்மா” அவர் தொண்டைக்கும் அவர் தாமதத்துக்கும் சொந்தமானது. எந்த நடிகர் வந்தாலும் அதை அப்படியே எடுத்துச் சொன்னால் அஞ்சலியாகவும் இருக்காது, பாத்திரமாகவும் இருக்காது. வேல ராமமூர்த்தி போலத் தனக்கென்று ஒரு கனம் உள்ளவரைத் தேடியதுதான் சரியான முடிவு. உங்கள் கதிருக்கு அப்படி ஒரு வழக்கமான சொல் இருந்தால், அதை முதல் மாதம் அவன் வாயில் வைக்காதீர்கள். தம்பி, “அண்ணன் இப்படித்தான் சொல்லும்” என்று சொல்லட்டும். சொல்லும் உயிரோடு இருக்கும், புது நடிகருக்கும் பாரம் இல்லை.

ஏட்டுக்காரர்:

இதில் கன்டினியூட்டிதான், அதாவது காட்சிக்குக் காட்சி விவரங்கள் ஒத்துப்போவதுதான், ஆளைக் கவிழ்க்கும். என் பங்குக்கு அதை மட்டும் சொல்கிறேன்.

சுவர்ப் படங்கள். கல்யாணப் போட்டோ, குடும்பப் போட்டோ, மனைவியின் ஃபோன் வால்பேப்பர், மகள் பள்ளி நோட்டில் ஒட்டி வைத்த படம், எல்லாவற்றையும் பட்டியல் போடுங்கள். புது நடிகரையும் மனைவியாக நடிப்பவரையும் அரை நாள் கூட்டி வந்து கல்யாணப் போட்டோவை மறுபடி எடுங்கள். மாலை, புடவை நிறம், யார் எந்தப் பக்கம் என்பது முன்பு இருந்தபடியே இருக்கட்டும். அதைக் கதிர் வருவதற்கு ஒரு வாரத்துக்கு முன்பே சுவரில் மாட்டிவிடுங்கள். தனியாகக் காட்ட வேண்டாம், பேசுபவர்களின் பின்னால் தெரிந்தால் போதும். அவன் வந்த அன்றைக்கே போட்டோவும் மாறினால் கண்ணில் குத்தும்.

ஃப்ளாஷ்பேக். பழைய காட்சியைப் போடவே போடாதீர்கள், குறைந்தது முதல் நான்கு வாரத்துக்கு. புது நடிகரின் முகத்திலிருந்து பழைய நடிகரின் முகத்துக்கு டிஸால்வ் போனால், அவ்வளவு நாள் கட்டியது ஒரே விநாடியில் இடியும். கட்டாயம் என்றால் அப்பாவோடு நடந்த அந்தச் சண்டையைப் புது நடிகரை வைத்து 40 முதல் 60 விநாடி அளவுக்கு மறுபடி எடுங்கள். அதே சட்டை, அதே கூடம், அதே வசனம். வசனத்தை மேம்படுத்துகிறேன் என்று கை வைக்காதீர்கள். முதல் பாகத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த வரிகள் மனப்பாடம். அப்பா மட்டும் பேசும் ஷாட்டுகள் பழைய பதிவிலேயே இருந்தால் அவற்றை அப்படியே வெட்டி எடுத்துச் சேர்க்கலாம், ஒளி அமைப்பு ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொண்டு. பழைய நடிகரின் படத்தையோ காட்சியையோ இரண்டாம் பாகத்தில் எங்கே பயன்படுத்துவதாக இருந்தாலும் அவரோடு போட்ட ஒப்பந்தத்தில் அதற்கு இடம் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள்.

உயரம். இதை எல்லோரும் மறப்பார்கள். பழையவர் 5 அடி 10, புதியவர் 5 அடி 6 என்றால் மனைவி பக்கத்தில் நிற்கும்போதே வித்தியாசம் தெரியும். முதல் வாரக் காட்சிகளில் இருவரையும் உட்கார வையுங்கள், அல்லது ஒருவர் படியில், ஒருவர் தரையில். புருவத் தழும்பு, மச்சம், இடது கைப் பழக்கம் ஏதாவது முதல் பாகத்தில் கதையில் வந்திருந்தால் எந்தப் பக்கம் என்று பழைய காட்சியைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். நடிகர் செல்ஃபியைப் பார்த்து மேக்கப் போட்டால் பக்கம் மாறிப்போகும்.

இதையெல்லாம்விடப் பெரியது ஒன்று உண்டு: யார் யாரை எப்படிக் கூப்பிடுவார்கள் என்ற ஏடு. கதிர் அத்தையை “வாங்க, போங்க” என்றானா “வா, போ” என்றானா? மாமனாரை “மாமா” என்றானா, பேச்சே இல்லாமல் இருந்தானா? மனைவி அவனை “என்னங்க” என்றாளா பெயர் சொன்னாளா? தம்பி மனைவியோடு நேராகப் பேசுவானா? ஒரு தாளில் குறுக்கும் நெடுக்கும் கட்டம் போட்டு நிரப்புங்கள். முகம் மாறியதை மக்கள் இரண்டு வாரத்தில் மன்னிப்பார்கள். ‘வாங்க’ என்று கூப்பிட்ட அத்தையை ‘நீ’ என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் “இவன் கதிரே இல்லை” என்று கமென்ட் விழும், அது சரியான கமென்ட்தான்.

கடைசியாக, மகளுக்கு இப்போது பத்து வயது. அவளுக்கும் புது முகமாகத்தான் இருக்கும். அப்பாவும் மகளும் முதல்முறை சந்திக்கும் காட்சியில் இரண்டு புது முகங்களை நேருக்கு நேர் நிறுத்தினால், பார்ப்பவருக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. மகளை முதல் எபிசோடிலிருந்தே காட்டி, பாட்டியோடு நன்றாகப் பழகவிட்டு, மூன்று வாரம் கழித்து அவனோடு சேருங்கள்.

நெய்தல்:

ஏட்டுக்காரர் அண்ணா, அந்தக் கட்டம் போட்ட தாள் யோசனைக்கு மிக்க நன்றி. கதிருக்கு டப்பிங் கலைஞர்தான் பேசினார், அவர் இப்போதும் கிடைப்பார்.

இரட்டையர் யோசனையைக் குழுவில் இரண்டு பேர் விடாமல் பிடித்திருக்கிறார்கள். ஜெனரல் ஹாஸ்பிட்டல் தொடரில் அது நன்றாக ஓடியது என்கிறார்கள். உண்மையா?

மாலைநேரம்:

ஓடியது. ஆனால் என்ன விலைக்கு என்று முழுதாகப் பார்க்க வேண்டும்.

ஜெனரல் ஹாஸ்பிட்டல் 1963 முதல் ஏ.பி.சி.யில் வரும் அமெரிக்கப் பகல்நேரத் தொடர். கதை நடப்பது போர்ட் சார்ல்ஸ் என்ற கற்பனை ஊரில். அதில் ஜேசன் பாத்திரத்தில் 1991 முதல் ஸ்டீவ் பர்ட்டன். பணக்காரக் குவார்ட்டர்மெய்ன் வீட்டுப் பையன், மருத்துவம் படிக்கப் போனவன். அண்ணன் ஏ.ஜே. குடித்துவிட்டு ஓட்டிய காரில் அடிபட்டு நினைவை இழக்கிறான். குடும்பத்தை வேண்டாம் என்று ஒதுக்கி, பாட்டி லைலாவின் பிறந்த வீட்டுப் பெயரான மார்கனை வைத்துக்கொண்டு, சன்னி என்ற தாதாவிடம் சேர்கிறான். 2012 இல் பர்ட்டன் விலகியபோது ஜேசனைத் துறைமுகத்தில் சுட்டுத் தண்ணீரில் தள்ளினார்கள். உடல் கிடைக்கவில்லை.

2014 இல் ஜேசன் உயிரோடு இருப்பதாகக் காட்டி, கார் மோதல், முகச் சீரமைப்பு, கட்டுப் பிரித்தால் பில்லி மில்லர். நினைவு இல்லை, பெயர் ஜேக் டோ. பிறகு அவர்தான் ஜேசன் என்று ஊர் ஏற்றுக்கொண்டது. மனைவி சாமோடு மறுபடி கல்யாணம், 2017 இல் ஒரு பெண் குழந்தை. மில்லர் மிக நல்ல நடிகர். பழைய ஜேசனின் இறுக்கத்தை நகல் எடுக்காமல் தன் வழியில் மெதுவாக அந்தப் பாத்திரத்தைக் கட்டினார்.

2017 செப்டம்பரில் பர்ட்டன் திரும்பினார். ரஷ்யாவில் ஒரு மருத்துவமனையில், பெயர் இல்லாத நோயாளியாக. இப்போது ஒரு பெயருக்கு இரண்டு பேர். விடை: மில்லர் நடித்தது ஜேசன் அல்ல, யாருக்கும் தெரியாத இரட்டைச் சகோதரன் ஆண்ட்ரூ, சுருக்கமாக ட்ரூ. ஜேசனின் நினைவுகளை அவன் மூளைக்குள் ஏற்றிவிட்டார்கள், அதனால் தான்தான் ஜேசன் என்று அவனே நம்பியிருக்கிறான். முகம் ஏன் வேறு? அறுவைச் சிகிச்சை. 2014 இல் புது நடிகருக்காகச் சொன்ன காரணம் 2017 இல் இரட்டையருக்குத் தாங்கலாக ஆகிவிட்டது. இழை அறுபடாமல் கோத்தார்கள், அந்தத் திறமையை ஒத்துக்கொள்ள வேண்டும்.

விலை என்ன? மூன்று வருடம் வாரம் ஐந்து நாள் மில்லரை ஜேசனாக நம்பி அழுதவர்களிடம், அது அவன் இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. சாமின் கல்யாணம், குழந்தை, மன்னிப்பு, எல்லாம் வேறொருவனோடு நடந்ததாக ஆகிவிட்டது. ரசிகர்கள் இரண்டு பிரிவாகப் பிரிந்தார்கள். ட்ரூவுக்கோ தன் சொந்த இளமைக்காலம்கூட நினைவில் இல்லை, கையில் இருப்பதெல்லாம் தம்பியோ அண்ணனோ வாழ்ந்த வாழ்க்கையின் நினைவு. 2019 இல் மில்லர் விலகினார். 2021 இல் ட்ரூவுக்கே புது நடிகர், கேமரன் மாத்திசன். அதே ஆண்டு பர்ட்டனும் விலகி, 2024 இல் திரும்ப வந்தார்.

அதே தொடரில், அதே ஜேசனின் நெருங்கிய தோழி கார்லியைப் பாருங்கள். 1996 இல் சாரா பிரவுன், அப்புறம் டமாரா பிரவுன், 2005 இல் சில மாதம் ஜெனிஃபர் பிரான்ஸ்ஃபோர்ட், அதே ஆண்டு இறுதியிலிருந்து லாரா ரைட். நான்கு முகம். ஒரு விபத்தும் இல்லை, ஒரு இரட்டையரும் இல்லை. சன்னியும் ஜேசனும் அவளைக் கார்லி என்று கூப்பிட்டார்கள், அவளும் பழைய கார்லியைப் போலவே யோசிக்காமல் வம்பில் குதித்தாள். அவ்வளவுதான். ஒரே வீட்டில் இரண்டு வழியும் பரிசோதிக்கப்பட்டிருக்கிறது, விளக்கம் இல்லாத வழிதான் கேள்வி இல்லாமல் ஓடியது.

உங்கள் நண்பர்கள் இன்னும் வற்புறுத்தினால் ஒரு நடைமுறைக் கேள்வி கேளுங்கள். ஒரே கருவில் பிறந்த இரட்டையருக்கு வழக்கமான டி.என்.ஏ. பரிசோதனையில் வித்தியாசம் தெரியாது, ஆனால் கைரேகை வேறு. இந்தியக் கதையில் ஆதார், பத்திரப் பதிவு எல்லாம் கைரேகை. உங்கள் கதையோ சொத்துச் சண்டை. பத்திர அலுவலகத்தில் விரல் வைக்கும் காட்சியை எப்படித் தாண்டுவீர்கள்?

தென்காசி வாசகி:

ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன், யாரும் தொடவில்லை. குணம்.

பி.பி.சி.யின் ஈஸ்ட்எண்டர்ஸ் தொடரில் விளக்கம் சொல்லும் வழக்கமே இல்லை. சாம் மிட்செல் பாத்திரத்தை 1990 இல் டேனியெல்லா வெஸ்ட்புரூக் தொடங்கினார், 2002 இல் கிம் மெட்காஃப், 2009 இலும் 2016 இலும் மறுபடி வெஸ்ட்புரூக், 2022 இல் மறுபடி மெட்காஃப். பீட்டர் பீலாக 2006 முதல் 2010 வரை தாமஸ் லா, பிறகு பென் ஹார்டி, பிறகு டேல் ஹட்சன், 2023 இல் மறுபடி தாமஸ் லா. முதல் நாளன்று பேச்சு எழும், அப்புறம் கதைக்குள் கரைந்துவிடும்.

ஆனால் மிஷெல் ஃபௌலரின் வருகை அப்படிக் கரையவில்லை. 1985 முதல் 1995 வரை சூசன் டல்லி நடித்த பாத்திரம், தொடரின் முதல் நாளிலிருந்து இருந்தவள். டல்லி நடிப்பை விட்டு இயக்கத்துக்குப் போய்விட்டதால், 21 வருடம் கழித்து 2016 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஜென்னா ரஸ்ஸல் மிஷெலாக வந்தார். நாடக மேடையில் பெயர் பெற்ற, திறமையான நடிகை. குறை அவரிடம் இல்லை. வந்தவுடன் அவருக்குக் கொடுத்த கதை, தன்னிடம் படித்த 17 வயது மாணவனோடு ஆசிரியைக்கு உறவு. பதினாறு வயதில் தன் தோழியின் அப்பாவால் கர்ப்பமாகி அந்த வலியைச் சுமந்தவள் மிஷெல். அவள் ஏன் இதைச் செய்வாள் என்று பார்ப்பவரை நம்பவைக்க, பழைய முகமே இருந்தாலும் பல மாதம் ஆகும். புது முகத்தோடு சேர்த்துக் கொடுத்ததால் இவள் வேறு யாரோ என்று மனம் விலகிவிட்டது. 2018 இல் பாத்திரம் வெளியேறியது.

அதே வீட்டில் தம்பி மார்ட்டின். ஜேம்ஸ் அலெக்ஸாண்ட்ரூ 2007 இல் விட்டுப்போன இடத்துக்கு 2014 இல் ஜேம்ஸ் பை வந்தார். பழக் கடை, சோனியாவோடு மண வாழ்க்கை, மகள் பெக்ஸ் என்று பழைய கயிறுகளையே முதலில் கையில் கொடுத்தார்கள். 2025 வரை இருந்தார்.

அதனால் நெய்தல் தம்பி, கதிரை ஆறு வருடத்தில் வில்லனாக மாற்றும் திட்டம் இருந்தால் முதல் 30 எபிசோடுக்குத் தள்ளிப் போடுங்கள். முதலில் பழைய கதிர் என்ன செய்வானோ அதையே செய்யட்டும். அப்பாவிடம் வீம்பு, அம்மாவிடம் இளக்கம். அவனுக்கும் இன்னொருவருக்கும் மட்டுமே தெரிந்த மூன்று விஷயங்களை முதல் பாகத்திலிருந்து தேடி எடுங்கள், மூன்று வேறு ஆட்களோடு. வாரத்துக்கு ஒன்றாக வசனத்தில் வரட்டும், ஃப்ளாஷ்பேக் இல்லாமல்.

“ஆளே மாறிட்டியேடா” என்ற வரியை எல்லா எழுத்தாளருக்கும் வைக்கத் தோன்றும். ஒரு தடவை போதும். அதையும் பாட்டி சொல்லட்டும், சொல்லிவிட்டுச் சாப்பிட்டாயா என்று கேட்டுவிடட்டும்.

நெய்தல்:

வாசகி அக்கா, வில்லன் திட்டம் நிஜமாகவே இருந்தது, 6 ஆவது எபிசோடில். 35க்கு நகர்த்துகிறோம். இரட்டையர் யோசனை பத்திர அலுவலகக் கேள்வியோடு முடிந்தது.

ஒரே ஒரு சந்தேகம். புரோமோவில் புது நடிகரின் முகத்தைக் காட்டலாமா, மறைக்கலாமா?

படித்துறை:

காட்டுங்கள். முதல் எபிசோடுக்கு ஒரு வாரம் முன்னால், பெயரோடு: ‘கதிராக’ என்று போட்டு நடிகர் பெயர். பழையவர்தான் வேண்டும் என்ற வாக்குவாதம் எப்படியும் நடக்கும், அது புரோமோவின் கீழே நடந்து முடியட்டும். வாசல் காட்சி வரும் எபிசோடின் கீழே அப்பா கதவைத் திறந்திருக்க வேண்டுமா என்று சண்டை போடுவார்கள். புரோமோவுக்கு அந்தப் பேருந்துக் காட்சியையே வெட்டுங்கள், வாசல் காட்சியில் ஒரு ஷாட்கூடக் கொடுக்காதீர்கள்.